வெண்ணெய் வாசனை

ஜனவரி 26, ஞாயிறு

புது டைரி, சர்ச்சில் கொடுத்தது. முதல் பக்கத்தில் வழக்கம்போல என் பேரப்பிள்ளைகளை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

மூத்தவன் ரூபன் கப்பலில் இன்ஜினியர். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை. அடுத்தவள் கிறிஸ்டல் அயர்லாந்தில் நர்ஸ். அவளைக் கேட்காமல் அங்கே டாக்டரே ஊசியைத் தொடமாட்டாராம். ஆல்வின் ரயில்வே பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணி ஜோலார்பேட்டையில் வேலையில் இருக்கிறான். கடைசி பியூலா, என் மகள் செலின் பெற்ற ஒரே பெண். செலின் மஸ்கட்டில் இருப்பதால் நான் வளர்த்த பிள்ளை. கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கி, ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, பெங்களூரில் ஒரு பெரிய இடத்தில் பானம் தயாரிக்கிற பிரிவுக்கே தலைவியாக இருக்கிறாள்.

பானம் என்றே இருக்கட்டும். பியூலாவின் மேல்வீட்டு தனம் கேட்டபோது ஜூஸ் மாதிரி என்றேன். என் வீட்டுக்காரர் தேவசகாயம் கோலார் சுரங்கத்தில் எத்தனையோ வருஷம் இறங்கி ஏறியவர். அவரைக் கொண்டுபோனது சுரங்கம் இல்லை, சாராயம். அவர் தெருமுனை திரும்பும்போதே எனக்கு வாடை வந்துவிடும். அப்படிப்பட்ட நான், என் பேத்தி பீர் காய்ச்சுகிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

புது வருஷம் பிறந்ததும் பியூலாவுக்குக் கடுமையான காய்ச்சல். அதனால்தான் கோலாரிலிருந்து லிங்கராஜபுரத்தில் உள்ள அவள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறேன். படங்களை டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்து ஹாலில் மாட்டிவிட்டேன். பியூலாவின் படம் நடுவில். கழுத்தில் பதக்கம், கண்ணை மூடி ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் மூக்கை விட்டிருக்கிறாள். மோந்து பார்த்து வாசனையைக் கண்டுபிடிக்கிற போட்டி, நாடு முழுக்க வந்திருந்தவர்களில் அவளுக்குத்தான் முதல் பரிசு.

ஜனவரி 29, புதன்

பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பார்த்துக்கொள் என்று பியூலாவிடம் சொல்லிக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பால் பொங்கித் தீய்ந்து பாத்திரம் கறுத்துக் கிடக்கிறது. வீடெல்லாம் நாற்றம். அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாடி, தீயற வாட கூடத் தெரியலையா ஒனக்கு?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்ததும் முகம் செத்துப்போய்விட்டது. "தெரியல ஆயா" என்றாள்.

காய்ச்சலோடு மூக்கு போய்விட்டதாம். வாசனையும் இல்லை, நாற்றமும் இல்லை. நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மட்டும் மிச்சம். வேலை செய்கிற இடத்தில் யாருக்கும் சொல்லவில்லை. முன்பு செய்த கணக்கை வைத்தும், கூட வேலை செய்கிறவர்கள் குடித்துப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டரிடம் போனோம். மூக்கின் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதாம். சில மாதத்தில் வரலாம், வராமலும் போகலாம் என்றார். மருந்து கொடுக்கவில்லை. நான்கு குப்பிகளில் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் மோந்து பார்க்கச் சொன்னார். மூக்குக்குப் பள்ளிக்கூடம்.

பியூலா கண்ணை மூடிக்கொள்கிறாள், நான் குப்பியை நீட்டுகிறேன். எது என்று அவள் சொல்ல வேண்டும். இன்று நீலகிரித் தைலத்தை ரோஜா என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பியூலா ஒன்று கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் போய்விட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மார்ச் 22ஆம் தேதி பெரிய போட்டி. இவர்கள் செய்யும் ஹாப்ஸ் பீரை முதலாளி சேத்தன் அதில் சேர்த்துவிட்டார். ஜெயித்தால் இன்னொரு கிளை திறப்பதாகவும் பியூலாவைப் பங்குதாரராகச் சேர்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். மற்ற இடங்களின் பீரை மோந்து மார்க் போடுகிற ஜட்ஜுகளில் இவளும் ஒருத்தி. மூக்கு இல்லை என்று தெரிந்தால் அந்த நாற்காலியும் போகும், இந்த வேலையும் போகும். அதற்குள் மூக்கு திரும்பிவிடும் என்று நம்பியிருக்கிறாள். திரும்பும் வரைக்கும் பீரை நான் மோந்து, வாயில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அதுதான் வெள்ளிக்கிழமை அவள் கேட்டது.

குடித்துக் கெட்டுப்போன மனுஷனோடு குடும்பம் நடத்தியவள் நான். இன்று ஜெபத்தில் முழங்கால் வலிக்கும் வரை இருந்தேன். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் பியூலா கிராம்புக் குப்பியை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மூக்கைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தது.

துப்பிவிடுவேன், முழுங்கமாட்டேன் என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

ஃபிளாஸ்கில் கொண்டுவந்தாள். போன மாதம் செய்த பீர். கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையை இழுத்து, திருடிகள் மாதிரி சமையல்கட்டில் நின்றோம். ஹாப்ஸ் என்பது ஒரு பூவாம். காய வைத்து அரைத்துப் பச்சை மாத்திரையாக வருகிறது. வாசனையும் கசப்பும் அதனால்தான்.

நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லக்கூடாது, என்ன வாசனை என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றாள். மோந்தேன். சாராயம் மாதிரி இருக்கும் என்று பயந்தேன். அப்படி இல்லை. பம்பளிமாஸ் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசனை. அப்புறம் மாங்காய்க் காம்பில் வடிகிற பால். அதற்கும் பின்னால் மழை பெய்த பிறகு வெட்டின புல். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே வந்தாள். முகத்தில் பழைய வெளிச்சம்.

கடைசியாகக் கொஞ்சம் வெங்காயத்தாள் என்றேன். பேனா நின்றுவிட்டது. எவ்வளவு, எந்த மாதிரி, பச்சையா வதக்கினதா என்று துருவித் துருவிக் கேட்டாள். அது குறையாம். ராத்திரி சாப்பிடவில்லை.

வாயில் வைத்துப் பார்த்தேன். கசப்பு வேப்பங்கொழுந்து மாதிரி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"கசப்பு மட்டும் எனக்கே தெரியும் ஆயா. அத ஒன்கிட்ட கேக்க வேணாம்" என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

போட்டிக்கான பீரை இன்று காய்ச்சினார்கள். பியூலா களைத்துப்போய் வந்து சோபாவிலேயே தூங்கிவிட்டாள். உடுப்பில் கஞ்சி வாசனை, வேகவைத்த கேழ்வரகு மாதிரி. என் பிள்ளை மேல் இருக்கிற வாசனை எனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை.

தனம் மாவு கேட்டு வந்தாள். ஜூஸ் கம்பெனியில் தன் மகனுக்கு ஒரு வேலை கிடைக்குமா என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 3, திங்கள்

புது பீரின் முதல் மாதிரி. இன்னும் கடைசிப் பூ போடவில்லையாம். சுத்தமாக இருந்தது. ரொட்டி, கொஞ்சம் தேன். அப்படியே சொன்னேன். பியூலா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். நாளைக்குப் பச்சை மாத்திரையைத் தொட்டியில் கொட்டுவார்கள்.

மார்ச் 5, புதன்

லெந்து நாட்கள் தொடக்கம், ஈஸ்டர் வரைக்கும் நோன்பு. ஒவ்வொரு வருஷமும் இந்த நாட்களில் காபியை விட்டுவிடுவேன். இந்த வருஷம் பியூலாவும் விட்டுவிட்டாள். அவளுக்கு அது வெறும் சூடான கசப்புத் தண்ணீர்தானாம். காபிப் பொடியைத் தனத்துக்குக் கொடுத்துவிட்டேன். காபியை விட்டுவிட்டு பீரை மோந்துகொண்டிருக்கிறேனே என்று நினைத்தேன். ஆண்டவருக்குக் காரணம் தெரியும்.

மார்ச் 10, திங்கள்

இன்று சேத்தன் அவளை எல்லார் முன்னாலும் கேட்டாராம், என்ன பியூலா, இப்போதெல்லாம் மோந்து பார்த்ததும் பேசவே மாட்டேன் என்கிறாயே என்று. வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஃபிளாஸ்கை என்னிடம் நீட்டினாள். நான் திறந்தேன்.

பம்பளிமாஸ் இருந்தது. மாங்காய்ப் பால் இருந்தது. வெங்காயத்தாள் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் புதிதாக ஒன்று. வெண்ணெய். அம்மா அடுப்பில் வெண்ணெய் உருக்கி, கடைசியில் முருங்கையிலை போடுவாளே, அதற்குச் சற்று முன்னால் வருகிற வாசனை. எனக்கு வாயில் தண்ணீர் ஊறிவிட்டது.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தாள் என்ற அன்றைக்குப் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. வெண்ணெய் நல்ல பொருள்தானே, அதைச் சொல்லி எதற்காக இந்தப் பிள்ளையைக் குழப்புவது?

"முன்ன விட நல்லா இருக்குது பாப்பா" என்றேன். என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

வெண்ணெய் ஒரு குறையாக இருக்க முடியாது. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

பியூலா ஒரு பெட்டி கொண்டுவந்தாள். ஜட்ஜுகள் பழகுவதற்காக, பீரில் வரக்கூடிய கெட்ட வாசனைகளைக் குப்பி குப்பியாக அடைத்து வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் பீரைத் தொட்டியிலிருந்து இறக்கிப் பீப்பாயில் அடைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் எனக்கு இவை எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமாம்.

ஒன்று ஈரமான அட்டைப்பெட்டி. ஒன்று அவித்த சோளம். ஒன்று கழட்டிப்போட்ட சாக்ஸ். சிரித்துக்கொண்டேதான் மோந்தோம்.

அடுத்த குப்பியைத் திறந்தாள். அது எது என்று நான் எழுத வேண்டியதில்லை.

"இது வந்தா பீர் போச்சுன்னு அர்த்தம் ஆயா. மோசமானதுல மோசம். கத்துக்குட்டிங்க செய்யற தப்பு" என்றாள். கடைசிப் பூவைப் போட்ட பிறகு சில சமயம் வருமாம். கவனமாக மோந்துகொள் என்று மறுபடியும் நீட்டினாள்.

பிறகு இன்றைய ஃபிளாஸ்கைத் திறந்தாள். மோந்தேன். அவள் கேட்டாள். நான் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 15, சனி

முருங்கைக்கீரை மலிவு. நிறைய வாங்கி ஆய்ந்தேன். ஆய ஆய தீரவில்லை. பியூலா காலையிலேயே போய்விட்டாள். பீப்பாயில் அடைத்தாயிற்று என்று மத்தியானம் போன் பண்ணினாள். பின்னால் குழாய்ச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டது.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

சர்ச்சில் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். பியூலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டேன். அந்தப் பீரில் வெண்ணெய் வாசனை வருகிறது என்று.

கையில் இருந்த துண்டை மடித்து முடித்தாள். இன்னொரு துண்டையும் எடுத்து மடித்தாள். அப்புறம்தான் கேட்டாள், எப்போதிலிருந்து என்று. திங்கட்கிழமை என்றேன்.

"அன்னிக்கே வெண்ணெய்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும் ஆயா. தொட்டியிலயே சூடு காட்டி நாலு நாள் உட்டிருந்தா ஈஸ்ட்டே அதத் தின்னு முடிச்சிருக்கும். இப்ப பீப்பாய்க்குப் போயிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"எனக்கு அது நல்ல வாசனையாத்தான் இருந்துச்சு பாப்பா."

"சரி, திங்கக்கிழமை. வெள்ளிக்கிழமை?"

நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். மாவை எடுத்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். கல் காய்ந்து புகை வந்தது. நான் மாவை ஊற்றவில்லை. அவளே வந்து அடுப்பை அணைத்தாள். புகையைக் கண்ணால் பார்த்து அணைத்தாள்.

மார்ச் 17, திங்கள்

அப்படியே போட்டிக்கு அனுப்பிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்று நான் சொன்னேன். ஆமாம், சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சேத்தனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மூக்கு போனது, மறைத்தது, பீர் கெட்டது. என் பெயரை மட்டும் சொல்லவில்லையாம். அவர் கத்தவில்லை. ஒரு பீப்பாயைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். பீப்பாய்களை அவள்தான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துச் சாக்கடையில் கொட்டியிருக்கிறாள். கூட வேலை செய்தவர்கள் உதவிக்கு வந்ததற்கு வேண்டாம் என்றாளாம். போட்டிக்காரர்களுக்கும் எழுதிவிட்டாள், ஜட்ஜாக வர முடியாது, மூக்கு இல்லை என்று.

மார்ச் 18, செவ்வாய்

ஹாலில் இருக்கிற தன் படத்தை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன். ஆணி அங்கேயே இருக்கிறது.

மார்ச் 22, சனி

இன்று போட்டி. அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது.

மார்ச் 27, வியாழன்

எழுந்திருக்கமாட்டேன் என்கிறாள். தலை வாரவில்லை. தட்டை வைத்தால் வைத்தபடி இருக்கிறது. எதைத் தின்றாலும் ஈரத்துணியை மெல்லுகிற மாதிரி இருக்கிறதாம். குப்பிகளைத் தொடுவதில்லை. செலின் மஸ்கட்டிலிருந்து போன் பண்ணினாள். குளிக்கிறாள் என்று சொன்னேன். போன தடவையும் அதையேதான் சொன்னேன்.

மார்ச் 31, திங்கள்

பியூலாவின் அறைத் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. சமையல்கட்டுக் கத்தியால் திருகைக் கழற்றி எடுத்துவிட்டேன். ஆசாரி வந்தால் மாட்டிக்கொள்ளலாம். அவளுடைய துப்பட்டாக்களையும் துவைக்கலாம் என்று ஊற வைத்தேன். வெயில் சரியில்லை, காய நாளாகும்.

ஏப்ரல் 4, வெள்ளி

அறை வாசலிலேயே பாய் போட்டுக்கொள்கிறேன். ஹாலில் கொசு அதிகம்.

மத்தியானம் உள்ளேயிருந்து பேசினாள். சுவரைப் பார்த்தபடி பேசினாள். "நீ மட்டும் இல்ல ஆயா. நானும் ஒம் மொகத்தப் பாத்துத்தான் கேட்டேன். நல்லா இருக்குன்னு சொல்லுன்னு கேட்டேன்." கஞ்சி குடிக்கிறாயா என்றேன். வேண்டாம் என்றாள். உப்புப் போட்டு, புளிப்பு மாங்காய்த் துண்டு வைத்துத் தருகிறேன், அதுவாவது நாக்குக்குத் தெரியும் என்றேன். சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டினாள்.

ஏப்ரல் 9, புதன்

ஆண்டவரே, என் மூக்கை எடுத்துக்கொண்டு அவளுக்குக் கொடும். எனக்கு இனிமேல் எதற்கு?

ஏப்ரல் 15, செவ்வாய்

குளித்தாள். அதுவே போதும்.

குப்பிகளைக் கழுவிப் புதிதாக நிரப்பி அவள் பக்கத்தில் வைத்தேன். ஒன்றைத் திறந்தாள், மோந்தாள், மூடினாள். எது என்று கேட்டேன். "எதுவுமே இல்ல" என்றாள். இந்தத் தடவை நான் சரி என்று சொல்லவில்லை. "அது கிராம்பு பாப்பா" என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தேன். பியூலாவை விட்டுப் போக மனமில்லாமல் தனத்தை ஹாலில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வரும் வழியில் காபிப் பொடி வாங்கினேன். லெந்து முடிந்துவிட்டது. டிகாக்ஷன் இறங்கி, பாலைக் கலந்து, ஆற்றிக்கொண்டிருந்தேன்.

பியூலா அறையிலிருந்து ஓடிவந்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"இன்னா ஆயா இது நாத்தம், டயர எரிக்கிற மாதிரி?"

சொல்லிவிட்டு அவளே அப்படியே நின்றுவிட்டாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அது நல்ல காபி. அடுப்பில் எதுவும் தீயவில்லை. தெருவிலும் எதுவும் எரியவில்லை.

கிட்டே வந்தாள். டம்ளருக்குள் மூக்கை விட்டாள். குமட்டிக்கொண்டு வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மோந்தாள். மறுபடியும் குமட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, விடாமல் மோந்துகொண்டே இருக்கிறாள்.

"நல்லா நாறுதா பாப்பா?" என்றேன்.

"பயங்கரமா நாறுது ஆயா."

தனம் ஹாலில் இருந்தபடி, ஈஸ்டர் அன்றைக்கு என்ன சண்டை என்று கேட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

நரம்பு முளைக்கும்போது முதலில் இப்படித் தப்புத் தப்பாகத்தான் வரும் என்றார் டாக்டர். சிலருக்கு நேராகும், சிலருக்கு இப்படியே நின்றுவிடும். அவரும் உறுதியாகச் சொல்லவில்லை. வெங்காயம் வதக்கினால் பியூலா மொட்டைமாடிக்கு ஓடுகிறாள். ரோஜா இன்னும் ஒன்றுமே இல்லை. ஆனாலும் வெறும் ஆணி இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டே இன்று ஒரு இட்லி தின்றாள்.

தாழ்ப்பாளை ஆசாரி வந்து மாட்டிவிட்டுப் போனார்.

மே 25, ஞாயிறு

நான் கோலாருக்கு வந்து, படங்களைப் பழைய ஆணிகளிலேயே மாட்டிவிட்டேன், பியூலாவுடையதைத் தவிர. பியூலா இந்த மாதத் தொடக்கத்தில் புனே போய்விட்டாள். கூடப் படித்த பெண் ஒருத்தி அங்கே பீர் காய்ச்சுகிறாள். மூக்கு பாதிதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் சேர்ந்திருக்கிறாள். இப்போதைக்குத் தொட்டி கழுவுகிற வேலை.

புது பாஸ்டரின் மனைவி இன்று வீட்டுக்கு வந்தார். சுவரில் இருந்த படங்களைப் பார்த்து யார் யார் என்று கேட்டார். ரூபன் கப்பலில் இன்ஜினியர், கிறிஸ்டல் அயர்லாந்தில் நர்ஸ், ஆல்வின் ரயில்வே என்று சொன்னேன். நடுவில் வெறும் ஆணி இருக்கிறதே என்றார்.

அது பியூலாவுடைய இடம், பீர் காய்ச்சுகிற பெண், ஒரு தொட்டி பீர் கெட்டுப்போனதை யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லி, தன் கையாலேயே கொட்டியவள் என்றேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இனி பியூலாவுக்கு எழுத வேண்டியது. தப்பில்லாமல் இருக்க இங்கே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புள்ள பாப்பா, இங்கே சுகம். ஆணி சும்மா இருக்கிறது. ஒரு புதுப் படம் எடுத்து அனுப்பு. போனில் அனுப்பாதே, போனைச் சுவரில் மாட்ட முடியாது. ஸ்டுடியோவில் போட்டுத் தபாலில் அனுப்பு. கோப்பை வேண்டாம், பதக்கம் வேண்டாம். அந்த ரப்பர் பூட்ஸோடு, தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி தொட்டி பக்கத்தில் நில். சிரிக்க வேண்டும் என்று இல்லை. யாரையாவது கிட்டே ஒரு டம்ளர் காபி வைக்கச் சொல்லி, நீ மூக்கைச் சுளிக்கும்போது எடுக்கச் சொல். எனக்கு அந்தப் படம்தான் வேண்டும்.